வாசிகசாலை கணினி அறை: பிரிண்டர், ஸ்கேனர் விஷயம்

கீழ்ப்பிரிவு தம்பி: கண்டி அண்ணே, நேரம் இருந்தால் பாருங்கள். வாசிகசாலை கணினிக்கு டெபியன் 13 (லினக்ஸ் வகை இயங்குதளம்) புதிதாகப் போட்டாச்சு, தமிழ் டைப்பிங் எல்லாம் சரி, பிரிண்டர்தான் மக்கர் பண்ணுகிறது. கம்பெனி தந்த டிரைவர் பேக்கேஜ் முதலில் ஏறவே இல்லை, ஆர்க்கிடெக்சர் (32 பிட்டா 64 பிட்டா என்கிற வகை) பொருந்தவில்லை என்றது. அவர்கள் குறிப்பில் இருந்தபடி 'ஃபோர்ஸ் ஆல்' (எதையும் பாராமல் ஏற்று) சேர்த்ததும் ஏறிவிட்டது. ஆனால் பிரிண்ட் கொடுத்தால் "ஃபில்டர் ஃபெயில்ட்" என்று நிற்கிறது.

டீச்சர்: சனிக்கிழமை ஓ/எல் பிள்ளைகளுக்குக் கணிதப் பாஸ்ட் பேப்பர் கொடுக்கவேண்டும். ஹட்டன் டவுனில் ஃபோட்டோகாப்பி எடுத்தால் பஸ் காசோடு சேர்த்து எங்கேயோ போய்விடும். எப்படியாவது பாருங்கள் தம்பி.

கண்டி அண்ணா: பார்த்துவிடலாம் டீச்சர். தம்பி, டிரைவர் ஃபோல்டருக்குள் ஃபில்டர் என்று, டேட்டாவை பிரிண்டருக்குப் புரிகிறபடி மாற்றுகிற ஒரு புரோகிராம் இருக்கும். டெர்மினலில் அதை நேராக ஓட்டிப் பார். அப்புறம் ஒரு ஃபைல் என்ன வகை என்று சொல்லும் 'ஃபைல்' கட்டளையை அதன் மேல் போட்டு, வருவதை அனுப்பு.

கீழ்ப்பிரிவு தம்பி: ஓட்டினால் "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்கிறது. ஆனால் ஃபைல் கண் முன்னாலேயே இருக்கிறது அண்ணே! 'ஃபைல்' போட்டால் "இஎல்எஃப் 32 பிட், இன்டெல் 80386" என்று வருகிறது.

கண்டி அண்ணா: அதேதான். அது 32 பிட் புரோகிராம், நீ போட்டிருப்பது 64 பிட் டெபியன். புரோசசருக்கும் கேர்னலுக்கும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 32 பிட்டை ஓட்டத் தெரியும், அதில் தகராறு இல்லை. ஆனால் அந்த புரோகிராம் கிளம்பும்போது முதலில் 32 பிட் லோடர் ஒன்றைக் கூப்பிடும், 'எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.2' என்று பெயர். அதுதான் உன் கணினியில் இல்லை. இல்லாத ஃபைல் அந்த லோடர், உன் ஃபில்டர் இல்லை. இந்தச் செய்தியைப் பார்த்துத்தான் பலர் டிரைவரையே திரும்பத் திரும்பப் போட்டு நேரத்தை வீணாக்குகிறார்கள். ஃபோர்ஸ் என்பது எச்சரிக்கையை வாயடைக்கும், தேவையானதைக் கொண்டுவந்து தராது.

பேக்கேஜ் ஏற்றும் கருவியான டிபிகேஜியிடம் 'ஆட் ஆர்க்கிடெக்சர் ஐ386' என்று சொல், ஐ386 என்பது 32 பிட் வகை. அப்புறம் ஏபிடி அப்டேட், அது பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கும். அப்புறம் அந்த லோடர் இருக்கிற 'லிப்சி6' என்ற பேக்கேஜை, பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி இட்டு ஐ386 என்று சேர்த்து இன்ஸ்டால் பண்ணு. 32 பிட் லைப்ரரிகளும் (புரோகிராம்கள் பகிர்ந்து பயன்படுத்துகிற ஃபைல்கள்) 64 பிட் லைப்ரரிகளும் தனித்தனி ஃபோல்டரில் போய் உட்காரும், ஒன்றை ஒன்று தொடாது. டெபியனில் இந்த ஏற்பாடு 2013இல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது.

கீழ்ப்பிரிவு தம்பி: அப்டேட் போடும்போது, வேறு இடத்திலிருந்து சேர்த்த பிரவுசர் ரெப்போவுக்கு (பேக்கேஜ் இறக்குகிற தளம்) ஐ386 இல்லை, விட்டுவிட்டேன் என்று ஒரு வரி வருகிறதே?

கண்டி அண்ணா: பயப்படாதே, அது தகவல்தான். அந்த ரெப்போ வரியில் ஏஎம்டி64 (64 பிட் வகை) மட்டும் என்று குறித்துவிட்டால் போய்விடும். இனி ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இரண்டு ஆர்க்கிடெக்சருக்கும் பட்டியல் இறங்கும், டேட்டா கூடப் போகும் என்பதை மட்டும் மனதில் வை.

கீழ்ப்பிரிவு தம்பி: அண்ணே வந்துவிட்டது!! டெஸ்ட் பேஜ் அடித்துவிட்டது.

டீச்சர்: மிக்க நன்றி தம்பிமார். ஸ்கேனரும் அதோடு வேலை செய்யுமா? மேற்பிரிவு லயத்திலிருந்து வருகிற பிள்ளையின் பாடக்குறிப்பை மற்றவர்களுக்கும் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

கீழ்ப்பிரிவு தம்பி: இல்லை டீச்சர், அது எழும்பவில்லை. 32 பிட் ஸ்கேனர் பிளகினும் (ஸ்கேன் புரோகிராமோடு சேருகிற துணைத் துண்டு) போட்டேன், அதற்கான லைப்ரரிகளும் இருக்கின்றன, ஆனாலும் "ராங் இஎல்எஃப் கிளாஸ்" என்கிறது. பிரிண்டருக்குச் சரிவந்தது இதற்கு ஏன் வரவில்லை அண்ணே?

கண்டி அண்ணா: நல்ல கேள்வி, இதை எல்லோரும் கவனிக்க வேண்டும். பிரிண்டர் ஃபில்டர் தனியாக ஓடுகிற ஒரு புரோகிராம். பிரிண்ட் சர்வர் 64 பிட்டாக இருந்தாலும் அது ஃபில்டரைத் தனியே கிளப்பி, தாளுக்குரிய டேட்டாவை ஒரு பக்கம் கொடுத்து மறுபக்கம் வாங்கிக்கொள்கிறது. இடையில் எத்தனை பிட் என்று யாரும் கேட்பதில்லை. ஸ்கேனர் பிளகின் அப்படி இல்லை. ஸ்கேன் புரோகிராம் அதைத் தன் மெமரிக்குள்ளேயே இழுத்து ஏற்றிக்கொள்கிறது. ஒரே புரோகிராமுக்குள் 64 பிட்டும் 32 பிட்டும் கலந்து இருக்க முடியாது. அதனால் பிளகின் எத்தனை பிட் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கணினி இல்லை, அதை ஏற்றுகிற புரோகிராம். உன் ஸ்கேன் புரோகிராம் 64 பிட், பிளகினும் 64 பிட்தான் வேண்டும். டிரைவர் பக்கத்தில் ஏஎம்டி64 என்று தனி ஸ்கேனர் பேக்கேஜ் இருக்கிறதா பார். எஸ்ஓ ஃபைலை (லைப்ரரி, பிளகின் ஃபைல்) எங்கிருந்தாவது எடுத்துக் கையால் காப்பி பண்ணிவிடாதே.

கோவில் மாமா: தம்பிமார், திருவிழா நோட்டீஸ் அடிக்கிற பழைய விண்டோஸ் புரோகிராம் இதில் ஓடுமா? பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில் எத்தனையோ வருஷத்து நோட்டீஸ் அதில்தான் கிடக்கிறது.

கண்டி அண்ணா: ஓட்டிப் பார்க்கலாம் மாமா. அது 32 பிட் புரோகிராம் என்றால், விண்டோஸ் புரோகிராமை லினக்ஸில் ஓட்டுகிற வைன் போடும்போது வைன்32 பேக்கேஜும் ஐ386 என்று சேர்த்துப் போடவேண்டும். தம்பி, மாமா அதற்குள் வீடியோ பார்க்கப் போவதில்லை, ஆகவே வீடியோ, ஆடியோவுக்கான ஜிஸ்ட்ரீமர் பிளகின்களின் 32 பிட் பதிப்பை எல்லாம் இறக்கிக் குவிக்காதே. கேட்கிற புரோகிராமுக்கு வேண்டியது மட்டும் போதும்.

இன்னொன்று, இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். இரண்டு ஆர்க்கிடெக்சரிலும் இருக்கிற ஒரே லைப்ரரி, கடைசி இலக்கம் வரை ஒரே வெர்ஷனில் இருந்தாக வேண்டும். 64 பிட் லிப்சியை நிறுத்திவைத்துவிட்டு 32 பிட்டை மட்டும் ஏற்ற முடியாது, ஏபிடி முரண்டு பிடிக்கும், சில நேரம் பாதி கணினியையே அழிக்கட்டுமா என்று கேட்கும். அப்படி நீண்ட பட்டியல் வந்தால் 'ஒய்' அழுத்தாமல் படம் எடுத்து இங்கே போடு.

கீழ்ப்பிரிவு தம்பி: 64 பிட் பேக்கேஜ் இருக்கிறது அண்ணே! போட்டதும் ஸ்கேனர் எழும்பிவிட்டது. 32 பிட் பிளகினை எடுத்துவிடவா? அப்புறம் அந்தப் பழைய குட்டி லேப்டாப்பிலும் டெபியன் 13 போடலாம் என்று நினைத்தேன், அதன் புரோசசரே 32 பிட்.

கண்டி அண்ணா: பிளகினை எடு. ஆர்க்கிடெக்சரை மட்டும் எடுக்காதே, ஒரு ஐ386 பேக்கேஜ் மீதி இருந்தாலும் டிபிகேஜி விடாது, பிரிண்டருக்கு அது வேண்டும். குட்டி லேப்டாப்புக்கு 13 வராது, 2025 ஆகஸ்டில் வந்த அந்தப் பதிப்பில் ஐ386க்கு இன்ஸ்டாலரும் இல்லை, கேர்னலும் இல்லை, 64 பிட் கணினிக்குள் பழைய புரோகிராம் ஓட்ட மட்டும் வைத்திருக்கிறார்கள். அதில் 12ஐயே விட்டுவை.

டீச்சர்: அப்போ நாளை பின்னேரம் நான் வாசிகசாலைக்கு வருகிறேன், பேப்பர் கட்டு என்னிடம் இருக்கிறது. தம்பி, சாவி உங்களிடம்தானே?