காலேஜ் லேப் விண்டோஸிலிருந்து வீட்டு உபுண்டு டெஸ்க்டாப்: அட்மின் உரிமை இல்லாமல் முடியுமா?

பாலக்கோடு_மாணவன்:
பாலக்கோட்டில் வீட்டு பிசியில் உபுண்டு 22.04. தர்மபுரி காலேஜ் லேபில் எல்லோருக்கும் பொதுவான விண்டோஸ் 10. எதையும் இன்ஸ்டால் பண்ண விடாது. டெர்மினல் மட்டும் போதாது, மேப் மென்பொருளான க்யூஜிஐஎஸ் திறக்கணும். வீட்டில் எக்ஸ்ஆர்டிபி (லினக்ஸ் டெஸ்க்டாப்பை ஆர்டிபி என்ற விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் முறையில் காட்டும் மென்பொருள்) போட்டு ரவுட்டரில் அதற்கான 3389 போர்ட்டைத் திறந்தும் லேபிலிருந்து எட்டவே இல்லை. வேறு வழி?

ஒகேனக்கல்_ரூட்:
முதலில் அந்த 3389-ஐ மூடுங்க தம்பி. திறந்து கிடக்கும் ஆர்டிபி போர்ட்டைத் தேடிப் பாஸ்வேர்டு அடித்துப் பார்க்கும் பாட்கள் ஓயாமல் சுற்றுது.

எட்டாததற்குக் காரணம் சிஜிநாட்டாக இருக்கலாம். ரவுட்டர் பக்கத்தில் வேன் ஐபி (இன்டர்நெட் பக்க முகவரி) 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் அதேதான். பொது ஐபி பல வீடுகளுக்குப் பொதுவில் இருக்கும். உங்க ரவுட்டரில் என்ன திறந்தாலும் பயனில்லை.

பொது ஐபி உள்ள சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுங்க, 512 எம்பி ராம் தாராளம். அதில் எஸ்எஸ்ஹெச்சை (பாதுகாப்பான ரிமோட் இணைப்பு, வழக்கமாக 22 போர்ட்) 443 போர்ட்டிலும் இயங்க வையுங்க; லேப் ஃபயர்வால்கள் 22-ஐ அடைத்தாலும் வெப்சைட்டுகளுக்கான 443-ஐ விட்டுவைக்கும். வீட்டு பிசியிலிருந்து விபிஎஸ்ஸுக்கு ஆட்டோஎஸ்எஸ்ஹெச் (அறுந்தால் தானே மீண்டும் இணைக்கும் எஸ்எஸ்ஹெச்) வழியே ரிவர்ஸ் டனல், அதாவது வீட்டிலிருந்தே வெளியே போட்டு வைக்கும் வழி: கமாண்டில் பெரிய ஆர் (-R), 3390:லோக்கல்ஹோஸ்ட்:3389. லேபில் பவர்ஷெல்லில் எஸ்எஸ்ஹெச் என்று அடித்துப் பாருங்க, 1809 பதிப்புக்குப் பிந்தைய விண்டோஸ் 10-இல் பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் புட்டி என்ற எஸ்எஸ்ஹெச் ஆப், ஒற்றை எக்ஸ்இ, இன்ஸ்டால் வேண்டாம். 443 போர்ட்டில் விபிஎஸ்ஸுக்குப் போய், பெரிய எல் (-L), 3390:லோக்கல்ஹோஸ்ட்:3390. பிறகு எம்எஸ்டிஎஸ்சியில் (விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் ஆப்) லோக்கல்ஹோஸ்ட்:3390. இந்தப் பக்கமும் 3389 என்றே வைத்தால் லேப் மெஷினின் சொந்த ஆர்டிபியோடு மோதும்.

எம்எஸ்டிஎஸ்சியை /பப்ளிக் என்று சேர்த்துத் திறங்க. பாஸ்வேர்டும் பிட்மேப் கேஷும் (சேமித்த திரைப் படத் துண்டுகள்) அந்த மெஷினில் தங்காது.

பாலக்கோடு_மாணவன்:
கனெக்ட் ஆகுது அண்ணா. பாஸ்வேர்டு கொடுத்ததும் கறுப்புத் திரை, சில நொடியில் கட்.

ஒகேனக்கல்_ரூட்:
அதே யூசர் வீட்டு மானிட்டரில் லாகின் ஆகி நிற்கும். உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோம் இரண்டு செஷனுக்கு ஒத்துக்காது. ஆட்டோ லாகினை நிறுத்திட்டு, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்பைப் போட்டு, ஹோம் ஃபோல்டரில் .எக்ஸ்செஷன் ஃபைலில் எக்ஸ்எஃப்சிஇ4-செஷன் என்று ஒரே வரி எழுதுங்க. கம்பாசிட்டரை (ஜன்னல் நிழல் போன்ற அலங்காரம் காட்டுவது) அணைத்து, எம்எஸ்டிஎஸ்சியில் நிறத்தை 16 பிட்டாக்கினால் இழுப்பு குறையும். க்யூஜிஐஎஸ்ஸில் சாதாரண மேப் நன்றாக ஓடும். 3டி வியூ திணறும், எக்ஸ்ஆர்டிபி செஷன் வழக்கமாக கிராபிக்ஸ் கார்டைத் தொடாது.

ஓசூர்_சிஸ்ஆட்மின்:
மேலே சொன்னது சரி, ஒரு ஓட்டை தவிர. லேப் கீபோர்டில் அடிக்கும் பாஸ்வேர்டை கீலாகர் (அடிப்பதைத் திருட்டுத்தனமாகப் பதியும் மென்பொருள்) பிடிக்கலாம். அதற்காக, பாஸ்வேர்டுக்குப் பதிலான பிரைவேட் கீ ஃபைலைப் பென்டிரைவில் கொண்டுபோய்ச் செருகுவது இன்னும் மோசம், காப்பி அடித்தாலும் தெரியாது. விபிஎஸ் எஸ்எஸ்ஹெச்சில் பாஸ்வேர்டோடு மொபைல் ஓடிபி ஆப்பையும் கட்டாயமாக்குங்க, 30 நொடிக்கொரு எண் மாறும்.

சில ஃபயர்வால்கள் 443-இல் வந்தாலும் எஸ்எஸ்ஹெச் பேச்சைக் கண்டுபிடித்துத் துண்டிக்கும். அங்கே பிரவுசர் வழி ரிமோட் டெஸ்க்டாப் மென்பொருளான அப்பாச்சி குவாக்கமோலேதான்: விபிஎஸ்ஸில் நிறுவி ஹெச்டிடிபிஎஸ் கொடுத்தால் பிரவுசர் டேபிலேயே டெஸ்க்டாப் வரும். ஓடிபி எக்ஸ்டென்ஷனும் உண்டு. லேப் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யுங்க.

ஜன்னலை மூடினால் செஷன் ஓடிக்கிட்டேதான் இருக்கும், மறுமுறை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் மின்தடை வந்தால் பிசி அணைந்தே கிடக்கும். பயாஸில் மின்சாரம் திரும்பியதும் தானாக ஆன் ஆகும் அமைப்பை இயக்கி, ஆட்டோஎஸ்எஸ்ஹெச்சை சிஸ்டம்டி சர்வீஸாக்குங்க, பூட் ஆனதும் தானே ஓடும்.