புதுப்பிப்பு: வரைவதை விடவில்லை
காட்சிக்கூடம் ஒன்று என் இரண்டு ஓவியங்களை விற்றுவிட்டு எட்டு மாதமாகப் பணம் தரவில்லை, வரைவதையே விட்டுவிடலாமா என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். பாதிப் பணம் வந்துவிட்டது. மீதிக்குத் தேதி போட்டு எழுதி வாங்கியிருக்கிறேன். விற்காத ஐந்து கேன்வாஸும் வீட்டுக்கு வந்தாச்சு.

சென்னையில் இருக்கும் ஓவியர் கிராமமான சோழமண்டலத்தைப் போய்ப் பாருங்கள் என்று ஒருவர் சொல்லியிருந்தீர்களே, போனேன். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் அந்தக் கிராமத்தை உருவாக்கியபோது, கைகொடுத்தது பாத்திக் (மெழுகு தடவிச் சாயமேற்றும் துணி) போன்ற கைவினைப் பொருட்கள் விற்ற காசு. கைவினை வயிற்றுக்கு, ஓவியம் மனசுக்கு. அங்கே நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுப்பதை இத்தனை நாளும் தோல்வி என்றல்லவா நினைத்திருந்தேன்!

இப்போது வாரம் மூன்று நாள் வகுப்பு. மற்ற நாட்களில் காலை ஆறு முதல் பதினொன்று வரை வரைகிறேன். அக்ரிலிக் வாங்கக் கட்டுப்படியாகவில்லை, இப்போதைக்கு நீர்வண்ணம்தான்.