மறு: கிரிஸ்லிங் – ‘பொருக்குவெடிப்பு’ சரிவருமா?

> கண்ணாடிப் பொருட்களின் விவரக்குறிப்பில் வரும் ‘கிரிஸ்லிங்’குக்கு ‘நுண்விரிசல்’ போதாதா? புதுச்சொல் எதற்கு?

போதாது என்றுதான் நினைக்கிறேன். கிரிஸ்லிங் (crizzling) என்பது கண்ணாடியின் மேற்பரப்பு நாளடைவில் வலைபோல நுணுக்கமாக வெடிப்பது. அதற்குத் தமிழில் நான் முன்வைத்த சொல்தான் ‘பொருக்குவெடிப்பு’. நுண்விரிசலை உலோகத்துக்கும் கான்கிரீட்டுக்கும் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். அதைவிட, விரிசல் என்றதும் அடிபட்டது, சூடு தாங்கவில்லை என்றுதான் மனம் போகும். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. கண்ணாடியின் சேர்மானத்திலேயே கோளாறு. அது மெல்ல மெல்ல வெளியே தெரிகிறது.

இந்தச் சொல்லோடு எப்போதும் சேர்ந்து வரும் பெயர் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட். லண்டன் வணிகர், வெனிஸோடு வியாபாரத் தொடர்பு உள்ளவர். 1673இல் லண்டன் சவாய் பகுதியில் கண்ணாடிப் பட்டறை தொடங்கி, மறு ஆண்டே ஏழாண்டுக் காப்புரிமை வாங்கினார். தேம்ஸ் கரையில் ஹென்லியிலும் ஓர் உலை போட்டார். வெனிஸ் சரக்குக்கு ஈடான தெளிந்த கண்ணாடியை இங்கிலாந்திலேயே செய்ய வேண்டும் என்பது எண்ணம். தெளிவு கிடைத்தது, ஆயுள் கிடைக்கவில்லை. விற்ற கோப்பைகள் மங்கி, உடம்பெல்லாம் வலைபோல வெடிக்கத் தொடங்கின.

மணல் எளிதில் உருகுவதற்காகச் சேர்க்கும் காரம் அதிகமாகவும், அதைக் கட்டிப்போடும் சுண்ணாம்பு குறைவாகவும் இருந்தால் இப்படி ஆகும். நிறமில்லாத கண்ணாடி வேண்டும் என்று மூலப்பொருளைச் சுத்தம் செய்யச் செய்யச் சுண்ணாம்பும் சேர்ந்து போய்விடும் என்பதுதான் வேடிக்கை. காற்றிலுள்ள ஈரம் மேற்பரப்பிலிருந்து காரத்தை உறிஞ்சிக்கொள்ள, அந்த இடத்தில் நீர் புகுகிறது. காற்று வறண்டதும் அந்த மெல்லிய மேலடுக்கு சுருங்கும். அடியில் இருக்கும் கண்ணாடி சுருங்காது. அப்புறம் வெடிக்காமல் என்ன செய்யும்? முற்றினால் செதில் செதிலாக உதிரவும் செய்யும்.

ரேவன்ஸ்கிராஃப்ட் இதற்குக் கண்ட மருந்து ஈய ஆக்சைடு. 1676இல் குறை தீர்ந்தது என்று அறிவிப்பு வந்தது. 1677இல் அண்டங்காக்கைத் தலை முத்திரையைக் கண்ணாடியிலேயே பதிக்கத் தொடங்கினார்கள். (ரேவன் என்றால் அண்டங்காக்கை, பெயரையே முத்திரையாக்கிவிட்டார்.) ஆனால் முத்திரை குத்திய சில பொருட்களும் பின்னாளில் வெடித்திருக்கின்றன. விற்ற அன்று பளிச்சென்று இருந்தவைதான். ஆகவே நமது சொல், வெடிப்பை மட்டும் காட்டாமல், மேற்பரப்பு காய்ந்து சுருங்குவதையும் காட்ட வேண்டும்.

அதனால்தான் ‘பொருக்கு’ என்று போனேன். குளத்து வண்டல் காய்ந்து பொருக்கு வெடிக்கும்போதும் மேலடுக்குதான் சுருங்கிப் பிளந்து, ஓரம் தூக்கி, கடைசியில் பெயர்கிறது. ‘பொருக்குவெடித்த கோப்பை’, ‘பொருக்கு உதிரும் நிலை’ என்று அடுத்தடுத்த நிலைகளுக்கும் சொல் வளைந்துகொடுக்கிறது.

> ‘கண்ணாடி நோய்’ இன்னும் எளிதாக இருக்கிறதே?

எளிதுதான், ஆனால் அது இந்த வகைக் கோளாறுகள் எல்லாவற்றுக்குமான பொதுப்பெயர். ஈரம் அதிகமான இடத்தில் இதே கண்ணாடியின் மேல் பிசுபிசுவென்று காரத்துளிகள் கோத்துக்கொள்ளும். அதுவும் அந்த நோய்தான், ஆனால் வெடிப்பு அல்ல. பராமரிப்பவருக்கு இரண்டும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஈரம் கூடினால் காரம் கசியும், ரொம்பக் குறைந்தால் மேலடுக்கு பிளக்கும். அதனால்தான் இத்தகைய பொருட்களை ஈரப்பதம் சுமார் 40 சதவீதத்திலிருந்து அதிகம் ஏறி இறங்காத பெட்டிக்குள் வைக்கிறார்கள்.

> பீங்கான் மெருகில் விழும் கோடுகளையும் பொருக்குவெடிப்பு என்று சொல்லலாமா?

வேண்டாம். அங்கே மெருகும் உள்ளே இருக்கும் மண்ணும் வேறு வேறு அளவில் சுருங்குவதால் கோடு விழுகிறது. அதற்கு ‘மெருகு விரிசல்’ என்றே இருக்கட்டும்.

இன்னொன்று, போகிற போக்கில்: ரேவன்ஸ்கிராஃப்ட் சரக்கை ‘ஈயப் படிகம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடியில் அணுக்கள் படிகம்போல ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதில்லை. கடைக்காரர் படிகம் என்று சொல்லி விற்கட்டும், நாம் ‘ஈயக் கண்ணாடி’ என்றே எழுதுவோம்.

காரத்துளி கோப்பதற்கு ‘வியர்ப்பு’ என்று எழுதிவைத்திருக்கிறேன். ‘கசிவு’ என்றால் பாத்திரம் ஒழுகுகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். வேறு நல்ல சொல் இருந்தால் இந்த இழையிலேயே சொல்லுங்கள்.