உதவி: ‘ஸ்பான்சர்’, ‘கோ-ஸ்பான்சர்’, ‘வோட்டிங் ரெக்கார்டு’ தமிழில் என்ன? (திங்கள் வகுப்புக்கு)

தஞ்சாவூரிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். திங்கட்கிழமை இளங்கலை அரசியல் வகுப்புக்கு ஓர் அட்டவணை தயாரிக்கிறேன். அமெரிக்கக் கீழவையில் டெக்சாஸ் உறுப்பினராக இருந்த ரான் பால் அவையில் என்ன செய்தார் என்பதுதான் பாடம். மகப்பேறு மருத்துவர். 1976இல் முதலில் அவைக்குப் போனவர், இடையிடையே விட்டு 2013 வரை இருந்தார். 2011 கடைசியில் எடுத்த கணக்குப்படி அவர் கொண்டுவந்த மசோதா முதலியவை 620. சட்டமானது ஒன்றே ஒன்று, கால்வெஸ்டன் நகரத்துப் பழைய சுங்கக் கட்டடத்தை உள்ளூர்ப் பாரம்பரிய அமைப்புக்கு விற்க வழிசெய்த 2009ஆம் ஆண்டுச் சட்டம்.

அங்கே மசோதாவைக் கொண்டுவரும் உறுப்பினரை ‘ஸ்பான்சர்’ என்றும், அதில் தம் பெயரையும் சேர்த்துக்கொள்பவரைக் ‘கோ-ஸ்பான்சர்’ என்றும் சொல்கிறார்கள். ‘ஸ்பான்சர்’ என்றால் அகராதியில் புரவலர், விளம்பரதாரர் என்று இருக்கிறது. மசோதாவுக்கு யாரோ பணம் கொடுத்ததாகப் பிள்ளைகள் நினைப்பார்கள்.

மதுரையிலிருந்து:

முன்மொழிபவர், வழிமொழிபவர். ஊர்ச் சங்கக் கூட்டத்தில்கூட இவைதான் புழக்கம். புதிதாக ஏன் தேட வேண்டும்?

ஹூஸ்டனிலிருந்து:

ஐயா, முதலாவது சரி, இரண்டாவது பொருந்தாது. வழிமொழிய ஆள் இல்லாவிட்டால் நம் கூட்டங்களில் தீர்மானம் விழுந்துவிடும். இங்கே அப்படியில்லை. உறுப்பினர் தன் கையெழுத்தைப் போட்டு, அவையில் எழுத்தர் மேசை அருகே இருக்கும் மரப்பெட்டியில் மசோதாவைப் போட்டால் போதும். மற்றவர்கள் அன்றைக்கே சேரலாம், பல மாதம் கழித்தும் சேரலாம், இடையில் விலகவும் செய்யலாம். 1967க்கு முன் கீழவையில் இந்த ஏற்பாடே கிடையாது. அப்புறம் 25 பேர் வரை என்று வைத்து, 1978இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். மைய வங்கியைத் தணிக்கை செய்யச் சொல்லி ரான் பால் 2009இல் கொண்டுவந்த மசோதாவில் 300க்கு மேற்பட்டவர்கள் பெயர் சேர்த்தார்கள். முந்நூறு பேரும் வழிமொழிந்தார்கள் என்று எப்படி எழுதுவது?

கோவையிலிருந்து:

கொணர்நர், உடன்கொணர்நர். பெறுநர், இயக்குநர் போல ‘நர்’ விகுதி. சொல் சுருக்கம், இலக்கணம் சுத்தம்.

மசோதாவையும் விட்டுவிடுங்கள் ஐயா. அரபியில் ‘சவாத்’ என்றால் கருமை, ‘முசவ்வதா’ என்றால் கருப்பாக்கப்பட்டது. மையால் கருத்த தாள் என்ற பொருளில்தான் அது வரைவைக் குறித்து, நம்மிடம் மசோதா ஆனது. நம் பேரவையே சட்டமுன்வடிவு என்று அழகாகச் சொல்லும்போது நமக்கு எதற்குக் கருத்த தாள்?

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்களுக்குச் சட்டமூலம் என்பதே பழக்கம். மூலம் வடசொல் என்று கோவை ஐயா சொல்வார், ஆனால் இங்கே எல்லோருக்கும் விளங்குகிற சொல். கையெழுத்திடுவதை நாங்கள் கைச்சாத்திடுதல் என்போம். பின்னால் சேருகிறவர் செய்வது அதைத்தானே. உடன்கைச்சாத்தர் என்றால் என்ன குறை?

தஞ்சாவூரிலிருந்து:

கொணர்நர் எனக்கும் பிடித்தது. ஆனால் இயக்குநரையே பாதிப் பேர் இயக்குனர் என்று எழுதுகிறார்கள். கொணர்நர் தேர்வுத்தாளில் என்ன பாடுபடுமோ. சரி, ஓர் உறுப்பினர் எதற்கு எப்படி வாக்களித்தார் என்ற பதிவுக்கு, அதாவது ‘வோட்டிங் ரெக்கார்டு’க்கு, என்ன சொல்லலாம்?

கோவையிலிருந்து:

வாக்கு + ஏடு = வாக்கேடு.

தஞ்சாவூரிலிருந்து:

இன்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன் ஐயா. முன்வரிசைப் பெண் ‘வாக் கேடு’ என்று பிரித்துப் படித்து, கள்ள ஓட்டா என்று கேட்டாள். அழித்துவிட்டேன்.

சென்னையிலிருந்து:

சட்டமன்றச் சுருக்கெழுத்துப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தச் சொல் நம்மிடம் ஏன் வேர்விடவில்லை என்று யோசித்துப் பாருங்கள். “ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க.” குரல் எழும், தீர்மானம் நிறைவேறும். யார் எப்படிச் சொன்னார் என்று தாளில் ஏறாது. போதாததற்கு 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். உறுப்பினர் தனக்கென்று ஒரு வாக்குப் போடும் இடத்தில்தான் அதைக் குறிக்கச் சொல் பிறக்கும். இந்த அட்டவணையை நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஹூஸ்டனிலிருந்து:

ஐயா சொன்னதற்கு ரான் பாலே சாட்சி. கருப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய ரோசா பார்க்ஸ் அம்மையாருக்குத் தங்கப் பதக்கம் தரும் மசோதா 1999இல் வந்தபோது வாக்கு 424க்கு 1. அந்த ஒன்று அவருடையது. அரசுப் பணம் வேண்டாம், ஆளுக்கு நூறு டாலர் போட்டுச் செய்வோம், என் பங்கைத் தருகிறேன் என்றார். அந்த முடிவு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இன்றைக்கும் அவர் பெயரோடு அது பதிவில் நிற்கிறது. ஆகவே ‘பெயர்வழி வாக்குப் பதிவு’ என்று வைக்கலாம்.

மதுரையிலிருந்து:

நீளம்தான். ஆனாலும் புரிகிறது. என் ஓட்டு அதற்கே.

தஞ்சாவூரிலிருந்து:

நேரமாகிவிட்டது. முன்மொழிந்தவர், உடன் முன்மொழிந்தவர், பெயர்வழி வாக்குப் பதிவு என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். ஆமும் இல்லாமல் இல்லையும் இல்லாமல் ‘இருக்கிறேன்’ என்று மட்டும் பதிவு செய்வார்களாமே, அதற்கு ஏதாவது சொல்?

யாழ்ப்பாணத்திலிருந்து:

நொதுமல். பழம்பாட்டில் நொதுமலர் என்றால் அயலார். பகையும் இல்லை, உறவும் இல்லை.

கோவையிலிருந்து:

நொதுமலுக்கு என் முழு ஆதரவு. ‘உடன் முன்மொழிந்தவர்’ மட்டும் எனக்கு ஒப்பவில்லை. பின்னால் வந்து சேர்ந்தவர் எதை ‘முன்’ மொழிந்தார்? அடுத்த பதிப்புக்காவது உடன்கொணர்நரை எண்ணிப் பாருங்கள்.