இரண்டில் ஒரு சிலிண்டர் மட்டும் ஓடிய அனுபவம் உண்டா?

மலைப்பாதை_350
ஆர்.டி. 350 என்ற பழைய இரட்டைச் சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் பைக் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏற்காடு ஏறும்போது பாதி வளைவுகள் தாண்டியதும் இடது சிலிண்டர் விட்டுவிடும். ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் இரண்டும் சேர்ந்து முழங்கும். சூடேறினால் மறுபடியும் அதே கதை. காட்டிய கடைகளில் எல்லாம் ஒரே பதில்: "சிலிண்டரின் உட்சுவர், அதாவது போர், தேய்ந்துவிட்டது, இன்ஜினை இறக்க வேண்டும்."

கடைசியில் பார்த்த வயதான மெக்கானிக், வண்டியை நன்றாகச் சூடாக்கிக் கொண்டுவரச் சொன்னார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது பக்க மூடியைக் கழற்றிவிட்டுக் கடையின் விளக்கை அணைத்தார். அங்கேதான் காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட்கள், சிலிண்டருக்கு ஒன்று. ஒரு பாயிண்டில் கடுகளவு நீலப் பொறி. மற்றதில் வெல்டிங் வைப்பதுபோல் வெள்ளையாகச் சீறியது. "கண்டன்சர் தம்பி. காயிலுக்குப் போக வேண்டியது இங்கேயே எரிந்து போகிறது" என்றார். பாயிண்டில் இப்படிச் சீறாமல் காக்கும் சிறு பாகம்தான் கண்டன்சர்; பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுப்பது காயில். அவ்வளவுதான்.

அந்த வண்டிக்கு நல்ல பிஸ்டன் தேடி அலைவது என்ன பாடு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜைக்கூட வைத்துப் பார்க்காமல் போர் போய்விட்டது என்று எப்படிச் சொன்னார்கள்? இன்னும் ஆறவில்லை எனக்கு.

நீலகிரி_டூஸ்ட்ரோக்
கண்டன்சரோடு போனது உங்கள் நல்ல நேரம். சூடானால் விடுகிறது என்பதை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். கிராங்க் சீல் (கிராங்க் அறைக்குள் கியர் ஆயில் நுழையாமல் தடுக்கும் வளையம்) போனாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். என் சித்தப்பாவின் ஆர்.டி.யில் வலது சிலிண்டர் தடுமாறியது. புது ஸ்பார்க் பிளக் போட்டால் கொஞ்ச தூரம் ஓடும், பிறகு நனைந்துவிடும். கழற்றி முகர்ந்தால் பெட்ரோல் வாடையே இல்லை, கியர் ஆயில் வாடை. வலது சைலன்சரில் மட்டும் வெண்புகை.

கியர்பாக்ஸ் ஆயிலை வடித்து அளவு ஜாடியில் ஊற்றினோம். ஊற்றியதில் பாதிகூட இல்லை. வண்டி நின்ற இடத்திலோ ஒரு சொட்டு ஒழுக்கு கிடையாது. கிளட்ச் பக்கச் சீல் வழியாக அத்தனையையும் அந்தச் சிலிண்டர் குடித்திருக்கிறது. ஜாடியைப் பார்த்தபடி சித்தப்பா வெகுநேரம் பேசவே இல்லை.

மலைப்பாதை, உங்கள் வண்டியின் சீலைப் பார்த்தீர்களா?

பழைய_யெஸ்டி
மைசூர் யெஸ்டியை விற்கப் போன இடத்தில் நடந்தது. வாங்க வந்தவர் இரண்டு சைலன்சர்களின் வாயிலும் கையை வைத்துப் பார்த்தார். இடது பக்கம் காற்றே வரவில்லை. "ஒரு சிலிண்டர் செத்துவிட்டது" என்று சொல்லி விலையை அடிமட்டத்துக்கு இறக்கினார். யெஸ்டி 250க்கு இருப்பதே ஒரு சிலிண்டர்தான், அதிலிருந்து இரண்டு குழாய்கள் பிரிகின்றன என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை.

அவர் எதிரிலேயே இடது சைலன்சரின் உள்குழாயை உருவினேன். துளைகள் எல்லாம் கரியால் மூடிக் கிடந்தன. தீயில் காட்டித் தட்டி, திரும்ப மாட்டி உதைத்தேன்; இரண்டு பக்கமும் சமமாக அடித்தது. அப்போதும் விலையை ஏற்றவில்லை. நான் விற்கவும் இல்லை.

மல்டிமீட்டர்
யெஸ்டிக்காரர் மன்னிக்க வேண்டும், அது வேறு கோளாறு, படிப்பவர்கள் குழம்பிவிடுவார்கள். என் கதை சிறியது. 2020 ஊரடங்கில் நின்றுபோன நிஞ்ஜா 250ஆர் என்ற இரட்டைச் சிலிண்டர் பைக், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்ப்பரேட்டர் வைத்தது. ஐடிலில் ஒரு சிலிண்டர், முறுக்கினால் இரண்டும். ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையான பைலட் ஜெட்டில், ஒரு பக்கம் பெட்ரோல் காய்ந்து பிசினாகியிருந்தது.

முதலில் எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடியுங்கள். ஆறிய இன்ஜினைக் கிளப்பி, சிறிது நேரத்தில் இரண்டு புகைக்குழாய்களிலும் துளி நீர் தெளியுங்கள். ஓடுகிற பக்கம் சுர்ரென்று ஆவியாகும், ஓடாத பக்கம் வழிந்து இறங்கும். பிறகு பிளக்குகளை இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் பிளக்தான். மாறவில்லை என்றால் பிளக் கேப், அடுத்து காயில் என்று ஒன்றொன்றாக. ஆர்.டி.யில் பாயிண்ட், கண்டன்சர், காயில், கார்ப்பரேட்டர் எல்லாமே இரண்டிரண்டு. மாற்றிப் பார்க்க அதைவிட வசதியான வண்டி ஏது? விளக்கை அணைக்க வேண்டிய தேவையே இல்லை.

வெளியே எடுத்த பிளக்கில் பொறி வருகிறது என்று நிம்மதியடையாதீர்கள். வெளிக்காற்றில் குதிக்கிற பொறி, சிலிண்டருக்குள் அழுத்தத்தில் குதிக்காமல் போகலாம். பிளக் நனைந்திருந்தால் பொறியைச் சந்தேகியுங்கள், உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரத்தை. ஜெட் துளையை ஊசியால் குத்தாதீர்கள், பித்தளை, பெரிதாகிவிடும். ஒயருக்குள் இருக்கும் மெல்லிய செம்பு இழை போதும். எஃப்.ஐ. (கார்ப்பரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வைத்த) வண்டி ஓடும்போது பிளக் கேப்பைப் பிடுங்கவே பிடுங்காதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையும் கெடுக்கும்.

ஒயர்_தேடி
எஃப்.ஐ. வண்டிக்கு இந்த வரிசை பொருந்தாது. என் 650 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டியில் பிளக், காயில் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று; ஒரு சிலிண்டர் ஓடவில்லை. நண்பர் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜெக்டர்மேல் ஊன்றி, பிடியில் காதை வைத்தார். ஒன்றில் டிக் டிக் என்று துடிப்பு. மற்றதில் சத்தமே இல்லை.

டேங்கைத் தூக்கினால் நிலக்கடலைத் தோல், கிழிந்த பஞ்சு, நடுவே இன்ஜெக்டர் ஒயர் செம்பு தெரியக் கடிபட்டு அறுந்து கிடந்தது. எலி. காசு செலவழித்துப் பாகங்களை மாற்றும் முன் ஒயரைக் கண்ணால் பாருங்கள் என்பதுதான் என் பக்கம்.

மலைப்பாதை_350
சீலைப் பற்றிக் கேட்டவருக்கு: இரண்டு பக்கமும் ஒரே அளவு புகை, கியர் ஆயிலும் குறையவில்லை. அதனால் சீல் இல்லை. மல்டிமீட்டருக்கு: நடுமலையில் விட்டுவிட்டு ஆறினால் எழுந்துகொள்கிற வண்டியில், எதை இடம் மாற்றினாலும் மறுபடி சூடாகும்வரை ஒன்றும் தெரியாது. அந்த மெக்கானிக் விளக்கை அணைத்தது சரியான வேலைதான். கண்டன்சரோடு கருகிப்போன இடது பாயிண்டையும் மாற்றி, பொறி விழும் நேரத்தையும் (டைமிங்) சரியாக வைத்துக் கொடுத்தார்.