வடக்கு ஓவியத்தில் இத்தாலிய உருவம்: நேரில் கண்டதா, அச்சில் கண்டதா?

யாழினி_கலை (கேள்வி)
16-ஆம் நூற்றாண்டு ஜெர்மன், ஃபிளெமிஷ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) ஓவியங்களில் இத்தாலியிலிருந்து எடுத்தாண்ட உருவங்கள் அடிக்கடி இடவலம் மாறிக் கிடக்கின்றன. ஆல்ப்ஸ் மலையைத் தாண்டாத ஓவியர்கள் கைக்கு அவை எப்படி வந்தன? அசலைப் பார்த்து வரைந்ததையும் அச்சைப் பார்த்து வரைந்ததையும் பிரித்தறிய வழி உண்டா?

செப்புத்தகடு
இடவலம் மாறுவது அச்சுமுறையால்தான். முன்னால் இருக்கும் படத்தை அப்படியே செப்புத் தகட்டில் கீறினால், தாளில் பதியும்போது அது திரும்பிவிடும். ஜெர்மன் ஓவியர் டூரரின் 1504-ஆம் ஆண்டு 'ஆதாமும் ஏவாளும்' அச்சில் கிளையிலிருந்து தொங்கும் பலகையில் அவர் பெயர் நேராகப் படிக்கக் கிடைக்கிறது என்றால், தகட்டில் அதை வலமிருந்து இடமாகக் கீறியிருக்கிறார் என்று பொருள்.

எஃகு உளியால் செம்பில் கோடுகளைத் தோண்டுவார்கள். தகடு முழுக்க மை தேய்த்துத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை மேலே வைத்து உருளைகளுக்கு இடையே செலுத்தினால், தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்ளும். தாள் காய்ந்திருந்தால் கோடு விட்டுவிட்டுப் பதியும். செம்பு தேயத் தேய, நுண்கோடுகள்தான் முதலில் மங்கும். பிந்திய பிரதியைப் பார்த்து வரைந்தவருக்கு மென்மையான நிழல்கள் கிடைத்திருக்காது.

ஆனால் இடவலத்தைவிட நிறமே நம்பகமான சாட்சி. அச்சில் நிறமும் இல்லை, அசலின் அளவும் இல்லை. உடலின் நிலை அப்படியே இத்தாலியமாக இருந்து, ஆடையின் நிறங்களும் பின்னணி நிலமும் முழுக்க உள்ளூர்த்தன்மையோடு இருந்தால் அச்சைச் சந்தேகியுங்கள்.

கோடுகளையும் கவனியுங்கள். 1494-இல் டூரர், இத்தாலிய ஓவியர் மாந்தேன்யாவின் கடல்தெய்வங்கள் அச்சைப் பேனாவால் படியெடுத்தபோது வெளிக்கோட்டை அப்படியே வைத்துக்கொண்டார். உள்ளே நிழலுக்கு மட்டும் நேரான இணைகோடுகளை விட்டுவிட்டு, தசையின் வளைவைப் பின்பற்றும் தன் கோடுகளைப் போட்டார். படியெடுப்பு எப்படிக் கற்றலாக மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பாவும்_ஊடையும்
அச்சோடு நிறுத்திவிடக் கூடாது. ரோமின் சிஸ்டைன் தேவாலயத்துக்காக இத்தாலிய ஓவியர் ராஃபேல் வடிவமைத்த திரைச்சித்திரங்கள் (சுவரில் தொங்கவிடும் நெய்த படங்கள்) நெய்யப்பட்டது பிரஸ்ஸல்ஸில், பீட்டர் ஃபான் ஆல்ஸ்ட்டின் தறிக்கூடத்தில். முழு அளவில், வண்ணத்தில் தீட்டிய மாதிரித் தாள்கள் ரோமிலிருந்து அங்கே வந்தன. 1519 இறுதியில் திரைகள் ரோமில் தொங்கின. அதாவது ரோமுக்குப் போகாமலே ராஃபேலின் உருவங்களை நிறத்தோடும் முழு அளவோடும் பார்க்க பிரஸ்ஸல்ஸில் வாய்ப்பு இருந்தது. செப்புத்தகடு சொன்ன நிறச்சோதனை அங்கே பொய்த்துப்போகும்.

பாவு நூல் கிடையாக ஓடும் படுக்கைத்தறியில் மாதிரியை நீளத் துண்டுகளாக வெட்டிப் பாவு நூலுக்கு அடியில் வைப்பார்கள். நெசவாளர் வேலை செய்வது திரையின் பின்புறத்தில். அதனால் இங்கும் இடவலம் மாறும். கிறிஸ்துவின் அற்புதத்தால் மீன் குவியும் மீன்பாடு காட்சியில், மாதிரித் தாளில் ஒரு கோடியில் இருக்கும் கிறிஸ்து திரையில் எதிர்க்கோடியில் இருக்கிறார்.

யாழினி_கலை
அப்படியானால் இடவலம் மாறாத உருவம் அசலைப் பார்த்தது என்று கொள்ளலாமா?

செப்புத்தகடு
கூடாது. அச்சைப் பார்த்து அப்படியே இன்னொரு தகட்டில் கீறினால் இரண்டாம் முறை திரும்பி, பழைய திசைக்கே வந்துவிடும். திறமையான செதுக்குநர் முதலிலேயே மாற்றிக் கீறுவதும் உண்டு. கிரேக்கத் தத்துவஞானிகளைக் காட்டும் ராஃபேலின் சுவரோவியம் 'ஏதென்ஸ் பள்ளி'யை ஜியோர்ஜியோ கீஸி செதுக்க, ஹீரோனிமஸ் காக் 1550-இல் ஆண்ட்வெர்ப்பில் வெளியிட்டார். அதன் திசை சுவரோவியத்தின் திசையேதான். ஆனால் அடியிலுள்ள வாசகம் அதை ஏதென்ஸில் கிறிஸ்தவத் திருத்தூதர் பவுல் போதிக்கும் காட்சியாக்கிவிட்டது. அந்தத் தாளை மட்டுமே கண்டவருக்கு பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் அங்கே இல்லை. உருவம் சரியாக வந்து பொருள் மாறியிருந்தால், அதுவும் அச்சின் தடயமே.

தூண்_வரிசை
கட்டடத்துக்கு வேறு வழி: நூல்கள். இத்தாலியக் கட்டடக்கலைஞர் செர்லியோ தூண்வகைகளை விளக்கிய நூல் வெனிஸில் வந்தது 1537-இல். பீட்டர் கூக் ஃபான் ஆல்ஸ்ட் (மேலே வந்த தறிக்கூடக்காரர் அல்ல, வேறொருவர்) 1539-இலேயே ஆண்ட்வெர்ப்பில் ஃபிளெமிஷில் கொண்டுவந்துவிட்டார். 1561 முதல் 1565 வரை எழுந்த ஆண்ட்வெர்ப் நகர மன்றத்தில் டோரிக் என்ற எளிய தூண்வகைக்கு மேல், உச்சியில் சுருள் கொண்ட அயோனிக் என்று வரிசை ஒழுங்காக ஏறுகிறது. நடுவே உயரும் முகப்பு மட்டும் வடக்கத்திய வழக்கப்படியே நிற்கிறது.