நாலாவது கேள்விக்கு முதல்ல பதில் சொல்லுங்க

தேயிலைக்காடு:
நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தாரு: "மலையகத்துப் பிள்ளைங்க கஷ்டத்துக்குப் பழகினவங்க, கம்பஸ்ல சந்தோஷமாத்தான் இருக்காங்க. டபிள்யூ.எச்.ஓ-5 தாள்ல 50க்கு மேல எடுத்தா நலம்தான்." வாசிச்சதுல இருந்து வயிறு எரியுது. அது மனசு எவ்வளவு நல்லா இருக்குன்னு பாக்க உலக சுகாதார நிறுவனம் போட்ட கேள்வித்தாள். அதுல அஞ்சு வசனம். கடைசி ரெண்டு கிழமை எப்படி இருந்தீங்கன்னு ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 5 வரை போடணும், கூட்டி 4ஆல பெருக்கணும். நாலாவது வசனம், தூங்கி எழும்பும்போது களைப்புத் தீர்ந்து தெம்பா இருந்தேன்ங்கிறது. ஒரே காம்பராவுல ஆறு பேர் படுக்கிற தோட்டத்து லயத்து, அதான் வரிசை வீட்டுப் பிள்ளைகிட்ட இதைக் கேக்கலாமா?

கணக்குக்காரன்:
ஏன் கேக்கக்கூடாது அண்ணே? 1998ல இருந்து உலகம் பூரா பாவிக்கிற தாள். தெம்பு இல்லன்னா 0 போடட்டும்.

தேயிலைக்காடு:
போட்டா என்ன ஆகும் தம்பி? மத்த நாலுக்கும் 4 போட்டா 16. பெருக்கினா 64. ரெண்டு கிழமையா ஒருநாளும் தெம்பா எழும்பாத பிள்ளை உங்க கணக்குல நலம்! வெட்கமா இல்லையா?

கணக்குக்காரன்:
முதல்ல கேக்கவே கூடாதுன்னீங்க. இப்ப அந்தக் கேள்விக்கு மதிப்புப் பத்தாதுங்கிறீங்க. ஒரு பக்கம் நில்லுங்க.

பதுளை அக்கா:
என் மகள் லீவுக்கு வந்த அன்னிக்கு சப்பாத்தைக்கூடக் கழட்டல, வாசப்படியிலயே தூங்கிட்டா. கம்பஸ் பிள்ளைங்களுக்குக் குடுக்கிற மகாபொல உதவிக்காசு பிந்தினதுல பகல் சாப்பாட்டை விட்டிருக்கா. ஆனா தாள்ல எல்லாத்துக்கும் 5 போட்டாளாம். ஏன்டி பொய் சொன்னேன்னு கேட்டேன். "பேர் எழுதச் சொன்னாங்கம்மா, மேடம் பக்கத்துலயே நின்னாங்க"ன்னா.

கணக்குக்காரன்:
அது தாள் குடுத்தவங்க பிழை அக்கா. பேர் இல்லாம வாங்கியிருக்கணும்.

தேயிலைக்காடு:
நாலாவது கேள்விக்கு இன்னும் பதில் வரல.

ஹட்டன் கடைவீதி:
எதுக்கெடுத்தாலும் லயத்தை இழுக்காதீங்க. மலையகம்னா லயம் மட்டுமா? எங்கப்பா ஹட்டன்ல கடை வச்சிருந்தாரு, நானும் மலையகத்தான்தான்.

தேயிலைக்காடு:
வந்துட்டாரு! 2021ல தோட்டத்து ஆளுங்களோட 1,000 ரூபா நாள் சம்பளத்தைப் பத்திப் பேசினப்பவும் நீங்க யார் பக்கம் நின்னீங்கன்னு மறக்கல. எங்கம்மா இருட்டோட எழும்பி ரொட்டி சுட்டு வச்சிட்டுத்தான் பெரட்டுக்கு, அதான் தோட்டத்துல காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற இடத்துக்குப் போவாங்க. அந்த ரொட்டியைத் தின்னுட்டுத்தான் நான் பேராதனை கம்பஸ் வரைக்கும் போனேன். தெம்பா எழும்புறதுன்னா என்னன்னு எனக்குச் சொல்லித் தராதீங்க.

ஹட்டன் கடைவீதி:
பேராதனையில படிச்சா மத்தவன் எல்லாம் மடையனா? எங்கப்பாவும் விடியக்காலையிலதான் கடை திறந்தாரு.

பதுளை அக்கா:
பிள்ளைங்களைப் பத்திப் பேச வந்தோம். அப்பன் பெருமை எதுக்கு?

கணக்குக்காரன்:
அண்ணே, தாளோட சேர்ந்த குறிப்பை வாசிச்சீங்களா? 4ஆல பெருக்குறதுக்கு முந்தின கூட்டுத்தொகை 13க்குக் கீழ போனாலும், அஞ்சுல ஏதாவது ஒண்ணுக்கு 0 இல்ல 1 விழுந்தாலும், மனச்சோர்வு இருக்கான்னு மேற்கொண்டு பாக்கணும்னு இருக்கு. உங்க 64 எடுத்த பிள்ளையும் அதுல மாட்டும். நீங்க சண்டை பிடிக்கிற அந்தக் கேள்விதான் அதைப் பிடிச்சுக் குடுக்குது.

தேயிலைக்காடு:
அப்ப 50க்கு மேல எடுத்தா போதும்னு எழுதினவருக்குப் போய்ச் சொல்லுங்க, எனக்கு எதுக்கு? பிடிச்சுக் குடுத்து என்ன செய்வீங்க? காலையில அதே காம்பரா, அதே ஆறு பேர். அந்த நாலாவது கேள்வி பிழைதான்.

கணக்குக்காரன்:
பிழை கேள்வியில இல்ல.

தேயிலைக்காடு:
கேள்வியிலதான்.